தூரப் பயணம் போனவனின் மனைவி

என் கணவர் கட்டாருக்குப் போனபோது எங்கள் மகளுக்கு ஐந்து வயது. பெரிய லொறி ஓட்டும் வேலை. இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனவர் ஆறு வருஷம் இருந்தார். நடுவில் இரண்டு தடவை லீவில் வந்தார். இரண்டு தடவையும், நாங்கள் ஒருவருக்கொருவர் மறுபடி பழகிக்கொள்ளும் நேரம் பார்த்துப் பெட்டியைக் கட்டவேண்டி வந்தது.

அந்த ஆறில் நான்கு வருஷம் நான் பலாபத்வலவில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் வேலை செய்தேன். மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பெரிய வீதியின் இரண்டு பக்கமும் அப்படிப்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் வந்து நிற்கும். மிளகுக் கொடி, வனிலா, கொக்கோ, சாதிக்காய் மரம் எல்லாவற்றையும் ஒருவர் நடந்து காட்டுவார். கடைசியில் கடைக்குள் அழைத்து வருவார். அந்தக் கடைக்குப் பின்னால் இருந்த அறையில்தான் நாங்கள் நான்கு பெண்கள் இருந்தோம். தைலத்தைச் சின்னப் போத்தல்களில் ஊற்றி, மூடி இறுக்கி, லேபல் ஒட்டுவது எங்கள் வேலை.

அந்த அறையை நினைத்தால் இப்போதும் மனசு குளிர்ந்துவிடும். தகரக் கூரை, மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவள் பேசுவது கேட்காது. அப்போது சைகையில் பேசுவோம், சைகையிலேயே சண்டையும் பிடிப்போம். பத்து மணிக்குத் தேங்காய்ச் சொட்டும், பால் விடாத பிளேன்டியும். எங்களில் மூத்தவர் ஒரு முஸ்லிம் பெண். அவர்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள், நாங்களும் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிட்டோம். கொச்சிக்காய்ச் சம்பல் கொண்டு வந்து எல்லாருடைய சோற்றிலும் ஒரு சிட்டிகை வைப்பார். சிங்களப் பெண்கள் இரண்டு பேரும் பாட்டுப் பாடுவார்கள். சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர் மூக்கை உறிஞ்சுவான். "அக்கா ஏறினா பஸ்ஸே கறுவா வாசம்" என்பான். அது உண்மை. எத்தனை சவர்க்காரம் போட்டாலும் கறுவா வாசம் என் கையை விட்டுப் போகவில்லை. மகள் என் உள்ளங்கையை முகத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள்.

தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறவர்களில் ஒருவன் தமிழன். நாற்பது வயதிருக்கும். பல்லேபொல பக்கம் வீடு, மனைவி, இரண்டு ஆண் பிள்ளைகள். ஆங்கிலமும் ஜெர்மனும் பேசுவான். ஒரு சாதிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பேசி, கேட்கிறவர்களை வாயைத் திறந்தபடி நிற்க வைப்பான். ஆட்கள் இல்லாத நேரத்தில் எங்கள் அறை வாசலில் வந்து நின்று, வெள்ளைக்காரருக்குச் சொன்னதையெல்லாம் தமிழில் சொல்லிச் சிரிக்க வைப்பான்.

முதலில் என்னைத் "தங்கச்சி" என்றுதான் கூப்பிட்டான். நானும் "அண்ணன்" என்றேன். ஒரு நாள் எனக்கு உடம்பு சரியில்லை. மற்றவர்கள் யாரும் கவனிக்கவில்லை. அவன் வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, முகம் வாடிக் கிடக்கு? ராத்திரி தூங்கலியா?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். ஆனால் நான் தூங்கினேனா என்று யாராவது கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது! என் கணவர் வெள்ளிக்கிழமைகளில் போனில் முகம் பார்த்துப் பேசுவார். கூரை ஒழுகுகிறதா, பிள்ளை ஸ்கூலுக்குப் போனாளா, சமையல் கேஸ் முடிந்துவிட்டதா என்று கேட்பார். எல்லாம் தேவையான கேள்விகள்தான். அவரும் களைத்துப் போயிருப்பார். லைன் வெட்டி வெட்டி வரும்.

அந்தக் கேள்விக்குப் பிறகு எப்போது என்று சரியாகத் தெரியவில்லை, அவன் "தங்கச்சி" என்ற சொல்லை விட்டுவிட்டான். சும்மா "இங்க பாருங்க" என்று கூப்பிட ஆரம்பித்தான். நான் கவனித்தேன். கவனித்தும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரத்துக்குள் நானும் "அண்ணன்" என்பதை விட்டுவிட்டேன். எங்கள் வாழ்க்கையில் வேலி என்று இருப்பது அந்த மாதிரிச் சொற்கள்தான். அதை இரண்டு பேரும் சேர்ந்து, சத்தமில்லாமல் பிடுங்கிப் போட்டோம்.

பிறகு போனில் செய்திகள். காலையில் ஒன்று, பஸ்ஸில் ஒன்று. ஒரு நாள் தன் போனைத் திருப்பிக் காட்டினான். என் நம்பரைக் "கராம்பு" என்று போட்டு வைத்திருந்தான். "சின்னதா இருக்கும். ஆனா ஒண்ணு போட்டா சட்டி முழுக்க வாசம்" என்றான். நான் வீடு போய்ச் சேரும்வரை அந்த ஒரு வார்த்தையை வாய்க்குள் வைத்திருந்தேன். முப்பத்து மூன்று வயதுப் பெண். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பொய் சொல்லி எழுதி என்ன பிரயோசனம்? அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். கண்ணாடியில் தலை வாரும்போது பாட்டு வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சந்தோஷத்தின் ருசி மறக்கவில்லை. அதனால்தான் அதைப் பற்றிய பயமும் போகவில்லை.

ஒரு தடவை போத்தல் வாங்கும்போது அவன் கை என் கையின் மேல் இருந்தது. சீக்கிரம் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

அடுத்த வாரம் அவன் சொன்னான்: "போயாவுக்கு எனக்கு லீவு. ஒங்களுக்கும் லீவுதானே? சீகிரியாவுல என் கூட்டாளி ஒருத்தன் கெஸ்ட் ஹவுஸ்ல வேலை செய்றான். நல்ல தோட்டம், குளம். மத்தியானம் சாப்பிட்டுட்டு அஞ்சு மணிக்குள்ள வந்துறலாம். நீங்க தம்புள்ளைக்கு வந்துருங்க, நான் அங்க த்ரீவீலோட நிக்கிறேன்."

தோட்டம் பார்க்கச் சீகிரியாவுக்குப் போகவேண்டியதில்லை, நாங்கள் இரண்டு பேரும் தோட்டத்தில்தான் வேலை செய்தோம். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பாப்போம்" என்றேன்.

அந்தப் போயா, அதாவது பௌர்ணமி லீவு, வெள்ளிக்கிழமையில் வந்தது. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல மாத்தளையில் எங்கள் சேர்ச்சுக்குப் போனேன். ஆராதனை முடிந்ததும் பெண்கள் பத்துப் பேர் பக்கத்து ஹோலில் உட்கார்ந்து வேதம் வாசிப்போம். வாரத்துக்கு ஓர் அதிகாரம், முறை வைத்து வாசிப்பது. அந்த மாதம், தகப்பன் மகனுக்குச் சொல்லும் புத்திமதிகள் வரும் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் என் முறை. ஏழாம் அதிகாரம் என்றார்கள். திறந்து, சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன்.

ஒரு தகப்பன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறார். பொழுது சாயும் நேரம். புத்தியில்லாத ஒரு வாலிபன் நடந்து போகிறான். ஒரு பெண் அவன் எதிரே வருகிறாள். இனிக்க இனிக்கப் பேசுகிறாள். என் படுக்கையை வாசனைப்படுத்தி வைத்திருக்கிறேன் என்கிறாள். எதனால் என்றால், வெள்ளைப்போளம், சந்தனம், கறுவாப்பட்டை.

அந்த இடத்தில் என் குரல் நின்றது. பக்கத்தில் இருந்தவள் என் தோளில் இடித்து, "அடியே, ஒன் மேல அடிக்கிற வாசம்தான்!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அந்தப் பெண் சொல்கிறாள்: வீட்டுக்காரர் வீட்டில் இல்லை, தூரப் பயணம் போயிருக்கிறார்.

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. எதிரே, போனில் புது மொழிபெயர்ப்பை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி, "இதுல பௌர்ணமிக்குத்தான் திரும்பி வருவாருன்னு போட்டிருக்கு" என்றாள்.

"அப்போ போயாவுக்குத்தான் வருவாரு!" என்று யாரோ சொல்ல, மறுபடியும் சிரிப்பு.

கறுவா, தூரப் பயணம் போன கணவன், போயா. யாரோ என் போனைத் திறந்து இந்தப் பெண்களுக்கு முன்னால் வாசித்துக் காட்டுவதுபோல இருந்தது. மிச்சத்தை வேகமாக வாசித்தேன். வெட்டக் கொண்டுபோகிற மாடுபோல அந்த வாலிபன் அவள் பின்னால் போகிறான். கண்ணி இருப்பது தெரியாமல் ஒரு குருவி பறந்து வருகிறது. அவள் வீட்டு வழி கீழே, மரணத்துக்கு இறங்கிப் போகிறது. வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினேன்.

ஏனோ எனக்குக் கோபம் வந்தது. "இது முழுக்க மகனே, மகனேன்னு ஆம்பளைப் பிள்ளைக்கே சொல்லியிருக்கே. பொம்பளைப் பிள்ளைக்கு யாரு சொல்றது?" என்று கேட்டேன்.

எங்கள் பெண்கள் சங்கத்துச் செயலாளர், "அந்தக் காலத்துல அப்படித்தான் எழுதினாங்க" என்றார். கோப்பைகளில் பிளேன்டி ஊற்றிக்கொண்டிருந்தவள், "ஒனக்கென்ன, ஒன் புருஷன் தங்கமானவரு" என்று சொல்லி ஒரு கோப்பையை என் கையில் வைத்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அந்த அதிகாரத்தை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கணவன் ஊரில் இல்லாத பெண் நான்தான், சரி. ஆனால் இனிக்கப் பேசியது நான் இல்லையே. வா என்று கூப்பிட்டதும் நான் இல்லை. அப்படியென்றால் அந்தக் கதையில் நான் அந்தப் பெண் மட்டும் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் அந்தத் தெருவில் போகவேண்டிய அவசியம் ஒன்றும் இல்லாமல், அந்த மூலைக்குப் பக்கத்தில் நடந்த புத்தியில்லாத வாலிபனும் நான்தான்.

அன்றைக்கே திருந்திவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்தேன். பச்சைச் சாரி கட்டினேன். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டேன். மாத்தளை பஸ் ஸ்டாண்டில் தம்புள்ளை பஸ்ஸில் ஏறி, தம்புள்ளைக்கு டிக்கெட் எடுத்தேன். வெள்ளைச் சட்டை போட்ட சனங்கள் பூத்தட்டுகளோடு புத்த பன்சலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் போக ஒரு நல்ல இடம் இருந்தது.

பஸ் புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அவன் என்று நினைத்து எடுத்தேன். என் கணவர். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு என்பதை நான் மறந்தேபோயிருந்தேன்.

"என்ன, பஸ் சத்தம் கேக்குது?" என்றார்.

"சந்தைக்குப் போறேங்க."

அது நான் அவரிடம் சொன்ன முதல் பொய். எதையாவது மறைத்திருக்கிறேன், பொய் சொன்னதில்லை. அவர் சந்தேகப்படுவார், போயா நாளில் சந்தையில் யார் இருப்பார்கள் என்று கேட்பார் என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை.

"சரி, சரி. வெயில்ல அலையாத. கொடைய எடுத்துக்கிட்டியா?"

"ம்."

அது இரண்டாவது பொய். லைன் வெட்டிவிட்டது.

எங்களுக்குக் கல்யாணமான வருஷம் மாத்தளையில் பெய்த மழை ஞாபகம் வந்தது. அப்போது நாங்கள் டவுனில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தோம். ஒரே ஒரு குடை. அவர் லொறி ஷெட்டுக்குப் போகும் முன் என்னைத் தையல் கடையில் விட்டுவிட்டு, குடையை என்னிடமே கொடுத்துவிட்டு, தலையில் கையை வைத்துக்கொண்டு மழையில் ஓடுவார். தெருக்கோடியில் திரும்பி நின்று, நான் குடையைப் பிடித்திருக்கிறேனா என்று பார்ப்பார். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரு குடைக்குள் நெருங்கி நடந்து வருவோம். அவருடைய வலது தோளும் என் இடது தோளும் நனைந்திருக்கும். மழை விட்டபிறகும் குடையை மடக்க இரண்டு பேருக்கும் மனசு வராது.

அந்த மனுஷனிடம்தான் பொய் சொன்னேன். அவர் அதை அப்படியே நம்பினார். கோபமாக ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒருவேளை எனக்கும் கோபம் வந்து, தம்புள்ளை வரைக்கும் போயிருப்பேனோ என்னவோ. அந்த நம்பிக்கைதான் தாங்கவில்லை. பலாபத்வல வந்தது. தினமும் இறங்குகிற இடம். எழுந்து பெல்லை அடித்தேன்.

"டிக்கெட் தம்புள்ளைக்குத்தானே எடுத்தீங்க?" என்றான் கொண்டக்டர்.

"மறந்துட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பஸ் நிற்கும் ஹோல்ட்டில் உட்கார்ந்தேன். தம்புள்ளையில் காத்திருந்தவன் ஏழெட்டுத் தடவை போனில் கூப்பிட்டான். கடைசியில், "நான் வரல. இனிமேலும் வரமாட்டேன். மன்னிச்சுக்கங்க அண்ணன்" என்று எழுதி அனுப்பினேன். அந்தக் கடைசி வார்த்தையை எழுதத்தான் அதிக நேரம் எடுத்தது.

சனிக்கிழமை வேலைக்குப் போனேன். அவன் வாசலில் வந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "என்ன தங்கச்சி, சொகமா தங்கச்சி?" என்று இழுத்துக் கூப்பிட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அப்படித்தான். பிறகு மேலாளரிடம் ஏதோ சொல்லி என்னைக் காயவைக்கும் முற்றத்துக்கு மாற்ற வைத்தான். இரண்டு மாதம் வெயிலில் கராம்பு கிளறினேன். அதற்குமேல் முடியவில்லை, வேலையை விட்டேன். தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காரணம் கேட்கவில்லை. ஸ்கூல் யூனிஃபோர்ம் தைக்க ஆரம்பித்தேன். வேலையை விட்டதற்குக் காரணம் கால் வலி என்று கணவரிடம் இன்னொரு பொய். ஒன்றும் நடக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்ட காரியத்துக்கே இவ்வளவு.

ஒன்றரை வருஷம் போனது. மாத்தளை ஆஸ்பத்திரியில் கிளினிக் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் அவனுடைய மனைவி. ஒரு தடவை தோட்டத்துக்கு வந்திருந்ததால் முகம் தெரியும். மிகவும் இளைத்திருந்தாள். என்னை அடையாளம் கண்டு, "அக்கா, நீங்க அங்க வேலை செஞ்சவங்கதானே?" என்றாள்.

கேட்காமலே சொன்னாள். நான் விட்டுவந்த இடத்துக்குப் புதிதாக வந்த பெண்ணோடு அவனுக்குப் பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணின் கணவனும் வெளிநாட்டில். யாரோ சொல்லி, அந்தக் கணவன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியிருக்கிறான். வீதியில் அடிதடி. தோட்டத்தில் இரண்டு பேருக்கும் வேலை போய்விட்டது. அந்தப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகளை அவள் கண்ணிலேயே காட்டுவதில்லையாம்.

"இவரு?" என்று கேட்டேன்.

"எங்க போவாரு? வீட்டுக்குத்தான் வந்தாரு. வெளி அறையில படுக்கிறாரு. சோறு வைக்கிறேன், பேசுறதில்ல. பெரியவன் அப்பான்னு கூப்பிடுறதே இல்லக்கா. ஊரெல்லாம் வாய் ஓயாமப் பேசின மனுஷன், இப்போ எங்க வீட்டு நாயோடதான் பேசுறாரு."

அவளே தொடர்ந்தாள்: "அவரு போன்ல ஏலம், சாதிக்கா, கராம்புன்னு பேரெல்லாம் இருந்துச்சு. சாமான் வாங்குற கடைக்காரங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன். பாருங்க, என் புத்திய."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்தப் பட்டியலில் நானும் ஒருத்தி என்று. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் அவள் இத்தனையையும் என்னை நம்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கராம்பு நான்தான் தங்கச்சி" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கிளினிக் புத்தகத்தை மடித்தாள், நிமிர்த்தினாள். அவள் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போனாள். நான் அங்கேயே இருந்தேன். திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

"எவ்வளவு தூரம்?"

"பலாபத்வல வரைக்கும்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், டிக்கெட், பெல் அடித்தது, எல்லாம்.

நின்றபடியே கேட்டாள். "திரும்பி வந்துட்டீங்க" என்றாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. சாரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பல்லேபொல பஸ்ஸுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

என் கணவர் அடுத்த வருஷம் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். வந்து மூன்று மாதம் வரை எனக்கு வாய் வரவில்லை. ஒரு மத்தியானம், மகள் ஸ்கூலில் இருந்த நேரம், அவர் முற்றத்தில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று சொல்லிவிட்டேன். தேய்த்துக்கொண்டிருந்த தும்புக்கட்டையைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"அன்னைக்கு நீங்க கூப்பிட்டீங்க. அதனாலதான் எறங்கிட்டேன்" என்றேன்.

"நானா? என்ன கேட்டேன்?"

சொன்னேன். "எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார். தொட்டியை முழுவதும் கழுவி முடித்தார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

பன்னிரண்டு நாள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினார். ஹோலில் பாய் போட்டுப் படுத்தார். மகளிடம் சிரித்தார், என் பக்கம் திரும்பும்போது சிரிப்பு போய்விடும். பதின்மூன்றாம் நாள் டவுனிலிருந்து மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கிக்கொண்டு வந்து, பையை என் தையல் மெஷினின் மேல் வைத்தார்.

"ஏன் சொன்ன? சொல்லாமயே இருந்திருக்கலாமே."

"நீங்க நம்பினீங்கல்ல. அது தொண்டையில முள்ளு மாதிரி நின்னுச்சுங்க."

"நான் அவ்வளவு காலம் போயிருக்கக் கூடாது."

"அது இல்லங்க காரணம். எத்தனை பேரோட புருஷன் வெளிநாட்டுல இருக்காங்க. பஸ்ஸுல ஏறினது என் காலுதான்."

அவர் ஒரு பணிஸை எடுத்துப் பிட்டார். "கொஞ்ச நாள் எடுக்கும்" என்றார்.

எடுத்தது. ஒரு வருஷத்துக்குமேல் எடுத்தது. என் போன் அடித்தால் அவர் முகம் மாறும். நான் உடனே அதை அவர் கையில் கொடுப்பேன். அவர் பார்க்காமலே திருப்பித் தருவார். சில நாள் வாங்கிப் பார்ப்பார். அதில் எனக்குக் கோபம் வந்ததில்லை.

இப்போது அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். மகள் உயர்தரம் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பிள்ளைகள் இல்லாத அந்தப் பெரிய வேனில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நாவுலப் பக்கம் போவோம். வீதியோரத்தில் அவித்த சோளம் விற்பார்கள். ஆவி பறக்க வாங்கி, வேன் கதவைத் திறந்துவைத்து, படியில் உட்கார்ந்து உப்புத் தண்ணீர் வடிய வடியச் சாப்பிடுவோம். அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை. அதனால் மெதுவாகத்தான் கடிப்பார். எனக்கும் அவசரமில்லை.